கோதை சொன்ன மூன்று குறிப்புகள்

மார்கழி மாதத்தில் பகல் பத்து உற்சவம் தொடங்கும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் நெஞ்சை நெகிழ்விக்கும் வைபவம் ஒன்று நடைபெறும். ஆண்டாளும் ரங்கமன்னாரும் திருக்கோயிலிலிருந்து புறப்பட்டு, பெரியாழ்வாரின் வம்சத்தவரான வேதபிரான் பட்டரின் திருமாளிகைக்கு எழுந்தருளுவார்கள். புக்ககம் சென்ற மகள், மணாளனுடன் பிறந்தகம் வரும் நாள் அது. விதவிதமான காய்கறிகளைக் குவியல் குவியலாகப் பரப்பி வைத்து, மகளையும் மாப்பிள்ளையையும் பட்டர் குடும்பத்தார் வரவேற்பார்கள். ‘பச்சை பரத்தல்’ என்று இதற்குப் பெயர்.

பெரியாழ்வார் வாழ்ந்த காலத்துக்கும் நமக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. பாண்டியர் ஆண்டனர், விஜயநகர மன்னர்கள் ஆண்டனர், மதுரை நாயக்கர்கள் ஆண்டனர், ஆங்கிலேயரும் ஆண்டு சென்றனர். ஆயினும், ‘இவள் எங்கள் வீட்டுப் பெண்’ என்ற அந்த உறவு மட்டும் அறுபடவே இல்லை. ஆண்டுதோறும் ஒரு நாள் அது புதுப்பிக்கப்படுகிறது. ஆகையால் மறக்கப்படாமல் நிலைத்திருக்கிறது.

அந்த வைபவத்தைத் தரிசித்துவிட்டு வீடு திரும்பும்போது நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நம் குடும்பத்தில், நம் கொள்ளுத்தாத்தாவின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் எந்த ஊரில் பிறந்தார், என்ன தொழில் செய்தார், எந்தக் கோயிலுக்கு என்ன கைங்கரியம் செய்தார் என்று சொல்லத்தக்கவர் யார் இருக்கிறார்கள்?

மூன்று தலைமுறைக்கு அப்பால்

அமாவாசைத் தர்ப்பணத்திலும் சிராத்தத்திலும் தந்தை, பாட்டனார், முப்பாட்டனார் என மூன்று தலைமுறையினரை வசு, ருத்ர, ஆதித்ய வடிவினராக எண்ணிப் பெயர் சொல்லி அழைக்கிறோம். தாய் வழியிலும் அவ்வாறே மூன்று தலைமுறைகளை நினைக்கிறோம். அதற்கும் முன்னே செல்ல வேண்டுமானால் நமக்கு நேராகக் கிடைப்பது கோத்திரம். அதாவது ஒரு மகரிஷியின் திருநாமம். மூன்று தலைமுறைக்கும் அந்த மகரிஷிக்கும் இடையே வாழ்ந்து மறைந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பெயர்களை எந்த மந்திரமும் நமக்குச் சொல்லித் தருவதில்லை.

தர்ப்பணம் செய்யும் வழக்கம் இல்லாத குடும்பங்களிலும் இதே நிலைதான். குலதெய்வத்துக்குப் பொங்கலிட்டு, முன்னோருக்குப் படையல் இட்டு வணங்குகிறோம். அந்தப் படையலை ஏற்கும் முன்னோர் யார் யார் என்று பிள்ளைகள் கேட்டால், இரண்டு மூன்று பெயர்களுக்கு மேல் சொல்லத் தெரிவதில்லை.

இதை வாசிக்கும் பெரியோர்களுக்கு இதில் ஒரு தனிப் பொறுப்பு இருக்கிறது. உங்கள் கொள்ளுத்தாத்தாவை நேரில் கண்டவர் உங்கள் தாத்தா. அவர் வாயால் அந்தக் கதையைக் கேட்டவர் நீங்கள். உங்கள் பேரப்பிள்ளைகளுக்கோ அந்தக் கொள்ளுத்தாத்தா ஐந்தாம் தலைமுறை முன்னோர் ஆகிவிட்டார். உங்களுக்குப் பின், அவரைப் பற்றிச் செவிவழியாகக் கேட்டவர் என்று எவரும் வீட்டில் இருக்கப்போவதில்லை. சொல்லாமல் விட்டால், அவர் வாழ்ந்த சுவடு உங்களோடு முடிந்துவிடும்.

எப்படித் தேடுவது, எங்கே தொடங்குவது என்று மலைக்க வேண்டாம். வழியைக் கோதை நாச்சியாரே காட்டியிருக்கிறாள்.

பெயர், தந்தை, ஊர்

திருப்பாவையின் நிறைவுப் பாசுரத்தில் ஆண்டாள் தன்னைப் பற்றி மூன்று செய்திகளைத் தருகிறாள். தன் ஊர் புதுவை என்கிறாள். தந்தை பட்டர்பிரான் என்கிறாள். தன் பெயர் கோதை என்கிறாள். பெரியாழ்வாரும் தம் பதிகங்களை நிறைவு செய்யும்போது, வில்லிபுத்தூரையும் விஷ்ணுசித்தர் என்னும் தம் திருநாமத்தையும் சேர்த்தே அருளியிருக்கிறார்.

ஒரு மனிதரை மற்றொருவரிடமிருந்து பிரித்து அடையாளம் காண்பதற்கு இந்த மூன்று குறிப்புகளும் சேர்ந்தே வேண்டும். தனிப் பெயர் மட்டும் போதாது. ஏனெனில் நம் குடும்பங்களில் பாட்டனார் பெயரைப் பேரனுக்குச் சூட்டுவது மரபு. பாட்டன் பெயரைத் தாங்குபவன் ‘பெயரன்’. அதுவே ‘பேரன்’ ஆயிற்று. ஆகவே ஒரே குடும்பத்தில் ஒன்றுவிட்ட தலைமுறைதோறும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். பழைய பத்திரம் ஒன்றில் அந்தப் பெயரைக் கண்டவுடன் ‘இவர் என் தாத்தா’ என்று மகிழ்ந்துவிடக் கூடாது; அவர் தாத்தாவின் தாத்தாவாகவும் இருக்கலாம். தந்தையின் பெயரையும் சேர்த்துப் பார்த்தால் ஐயம் குறையும். ஊரையும் சேர்த்துப் பார்த்தால் மேலும் தெளிவாகும்.

பழைய கிரயப் பத்திரங்களை எழுதியவர்களும் இதை அறிந்திருந்தார்கள். இன்ன தாலுகா, இன்ன கிராமத்தில் இருக்கும், இன்னார் குமாரர், இன்னார் எழுதிக் கொடுத்தது என்றுதான் அவை தொடங்கும். கோதை பாசுரத்தில் வைத்த அதே மூன்று செய்திகள்!

இரண்டு எழுத்துகளில் ஒரு வரலாறு

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தெற்கே சிறிது தொலைவு சென்றால் இராஜபாளையம். அந்த ஊர் நாட்டுக்குத் தந்த பெருமகன் பி.எஸ். குமாரசுவாமி ராஜா. 1898-இல் பிறந்து 1957-இல் மறைந்தவர். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராகவும், பின்னர் ஒரிஸாவின் ஆளுநராகவும் விளங்கியவர். காந்தியடிகளின் வழியில் நின்ற அவர், தம்முடைய இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்கு வழங்கினார்.

குழந்தைப் பருவத்திலேயே தாயையும் தந்தையையும் இழந்தவர் அவர். பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தார். தந்தையின் முகமே மனத்தில் பதிந்திராத வயது. ஆயினும் வாழ்நாள் முழுவதும் தம் பெயருக்கு முன்னே அவர் தந்தையைச் சுமந்தார். பி.எஸ். என்னும் தலைப்பெழுத்துகளில் ‘எஸ்’ என்பது சஞ்சீவி ராஜா என்ற தந்தையின் பெயர். ‘பி’ என்பது பூசபாடி என்ற வீட்டுப் பெயர்.

இந்த வீட்டுப் பெயரே ஓர் ஆவணம். இராஜபாளையத்து ராஜு குடும்பத்தினரின் முன்னோர், பல நூற்றாண்டுகளுக்கு முன் தெலுங்கு நாட்டிலிருந்து தென்பாண்டி நாட்டுக்கு வந்து குடியேறியவர்கள். பழையபாளையம், புதுப்பாளையம், சிங்கராஜாகோட்டை, சக்கராஜாகோட்டை என இன்றும் அவர்கள் குடியிருப்புகளின் பெயர்கள் அந்த வரலாற்றைச் சொல்கின்றன. குடிபெயர்ந்து வந்தவர்கள் வீட்டுப் பெயரை விட்டுவிடாமல் உடன் கொண்டு வந்தார்கள். தெலுங்கு வீட்டுப் பெயர்களுள் பல, முன்னோர் வாழ்ந்த ஊரின் பெயரிலிருந்தே பிறந்தவை. பூசபாடி என்பதும் கிருஷ்ணா நதிப் பகுதியிலுள்ள பூசபாடு என்னும் ஊரைச் சுட்டுவது. வட ஆந்திரத்தில் விஜயநகரம் சமஸ்தானத்தை ஆண்ட அரச குடும்பத்தாரின் வீட்டுப் பெயரும் இதுவே.

ஆக, இரண்டு எழுத்துகளில் பழைய ஊரும் தந்தையும் அடங்கிவிட்டன. அவற்றோடு தம் பெயரையும் சேர்த்து எழுதும்போது, கோதை சொன்ன மூன்று குறிப்புகளும் ஒரு கையெழுத்தில் அமைந்துவிட்டன.

வீட்டுப் பெயர் இல்லாத குடும்பங்களுக்கு ஊர் எங்கிருந்து கிடைக்கும்? குலதெய்வக் கோயிலிலிருந்து கிடைக்கும். இன்று நாம் சென்னையில் வாழலாம். நம் தாத்தா மதுரையில் வாழ்ந்திருக்கலாம். ஆனால் முதல் முடி இறக்கவும் காது குத்தவும் எந்தச் சிற்றூர்க் கோயிலைத் தேடிச் செல்கிறோமோ, அந்த ஊரில் நம் முன்னோர் ஒரு காலத்தில் வாழ்ந்திருக்கக்கூடும். அங்கே நம்மோடு பொங்கலிடும் பங்காளிகளைக் கேட்டால், நமக்குத் தெரியாத கிளைகளின் கதை தெரியவரும்.

எங்கே தேடலாம்?

தேடலை வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும். பரணில் கிடக்கும் தகரப் பெட்டி, பழைய ஜாதகக் கட்டு, கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு, கருமாதிப் பத்திரிகை, பித்தளைப் பாத்திரத்தில் வெட்டிய பெயர் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு செய்தி சொல்லும். மொய் நோட்டில் உறவினர் பெயரும் ஊரும் வரிசையாக இருக்கும். எந்த ஊரோடு நம் குடும்பத்துக்குக் கொள்வினை, கொடுப்பினை இருந்தது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் ஏடு வேறு இல்லை.

அடுத்து, திருக்கோயில். முன்னோர் வணங்கிய கோயிலின் மணியில், குத்துவிளக்கில், வாகனத்தில், தரைக் கல்லில் ‘உபயம்’ என்று எவர் பெயராவது பொறித்திருக்கிறதா என்று நின்று பாருங்கள். பெயரோடு ஊரும், சில வேளைகளில் ஆண்டும் இருக்கும். குமாரசுவாமி ராஜா முதலமைச்சராக இருந்த காலத்தில்தான், 1951-இல், சென்னை இந்து சமய அறநிலையச் சட்டம் நிறைவேறியது. அதற்குப் பதிலாகப் பின்னர் வந்த 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29-ஆவது பிரிவின்படி, ஒவ்வொரு திருக்கோயிலுக்கும் ஒரு பதிவேடு இருக்க வேண்டும். கோயிலைத் தோற்றுவித்தவர், அறங்காவலராக இருந்தவர்கள், கட்டளைகள், நிலங்கள், நகைகள், பட்டயங்கள் ஆகியவற்றின் விவரம் அதில் இடம்பெற வேண்டும் என்பது விதி. முன்னோர் கட்டளை ஏற்படுத்தியவராகவோ தர்மகர்த்தாவாகவோ இருந்திருந்தால், கோயில் அலுவலகத்தில் பணிவுடன் விசாரிக்கலாம்.

கோயில் ஊழியத்துக்காக மானிய நிலம் பெற்ற குடும்பங்களுக்கு மற்றொரு வழியும் உண்டு. அர்ச்சகர், மேளக்காரர், பூமாலை கட்டுவோர், திருவிளக்கு ஏற்றுவோர் எனப் பலருக்கும் அக்காலத்தில் இனாம் நிலம் இருந்தது. சென்னை மாகாணத்தில் 1858-இல் இனாம் கமிஷன் அமைக்கப்பட்டு, அடுத்து வந்த ஆண்டுகளில் ஒவ்வொரு மானியத்தையும் விசாரித்துப் பதிவேடு எழுதினார்கள். மானியத்தைக் கொடுத்தவர் யார், முதலில் பெற்றவர் யார், அப்போது அனுபவித்து வந்தவர் யார், அவருக்கு என்ன வயது, முதலில் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்பனவெல்லாம் அதில் கேட்டு எழுதப்பட்டன. ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று தலைமுறைகள் கிடைக்கக்கூடிய ஆவணம் அது. சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இத்தகைய பதிவேடுகள் பாதுகாக்கப்படுகின்றன.

மூன்றாவது, சார்பதிவாளர் அலுவலகம். நிலம் வாங்கியது, விற்றது, பாகம் பிரித்தது ஆகியவை பதிவாகியிருந்தால், எழுதிக் கொடுத்தவர் பெயராலும் சொத்தின் விவரத்தாலும் தேடுவதற்கு அங்கே அட்டவணைகள் உண்டு. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி, உரிய கட்டணம் செலுத்தி அசையாச் சொத்துப் பத்திரங்களின் பதிவைப் பார்க்கலாம். பதிவு செய்யப்பட்ட உயிலின் நகலை, எழுதியவர் மறைந்த பிறகு எவரும் விண்ணப்பித்துப் பெறலாம். பாகப் பிரிவினைப் பத்திரமும் உயிலும் குடும்ப வரலாற்றுக்குப் பெரும் செல்வம். பட்டாவில் இடம் பெறாத மனைவி, மகள், விதவைச் சகோதரி ஆகியோரின் பெயர்கள் அவற்றில்தான் வெளிப்படும்.

அசையாத வீடு, மாறிய மாவட்டம்

நம் பகுதியைச் சேர்ந்தவர்கள் மனத்தில் கொள்ள வேண்டிய ஒரு செய்தி உண்டு. இன்று ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் விருதுநகர் மாவட்டத்தில் உள்ளன. ஆனால் 1985-க்கு முன் அவை இராமநாதபுரம் மாவட்டம். 1910-இல் அந்த மாவட்டம் அமைக்கப்படுவதற்கு முன், திருநெல்வேலி மாவட்டம். இராஜபாளையமோ நெடுங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தாலுகாவுக்கு உட்பட்டிருந்தது.

குமாரசுவாமி ராஜா பிறந்தபோது அவர் ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அவருக்குப் பன்னிரண்டு வயதாகும்போது இராமநாதபுரம் மாவட்டம் ஆயிற்று. அவர் காலத்துக்குப் பின் விருதுநகர் மாவட்டத்துக்கு வந்தது. வீடு இருந்த இடத்தில்தான் இருந்தது. மாவட்டம் மூன்று ஆகிவிட்டது. ஆகவே 1900-ஆம் ஆண்டை ஒட்டிய ஆவணத்தைத் தேடுபவர் விருதுநகர் என்ற தலைப்பில் மட்டும் தேடினால் ஏமாந்து திரும்ப நேரிடும். திருநெல்வேலி மாவட்டம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா என்று கேட்க வேண்டும்.

பிறப்பு, இறப்புப் பதிவுகளைத் தேடும்போதும் ஒரு நுட்பம் உண்டு. குழந்தைக்குப் பெயர் சூட்டும் முன்பே பிறப்பைப் பதிந்துவிடுவது வழக்கமாக இருந்ததால், பல பதிவுகளில் ‘ஆண் குழந்தை’, ‘பெண் குழந்தை’ என்று மட்டுமே இருக்கும். அங்கே தந்தையின் பெயரையும் ஊரையும் கொண்டே தேட வேண்டும்.

திதி தெரியும், ஆண்டு தெரியாது

பெரியாழ்வார் ஆனி மாதத்துச் சுவாதியில் அவதரித்தார். ஆண்டாள் ஆடி மாதத்துப் பூரத்தில் அவதரித்தாள். இதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் எந்த ஆண்டு என்று கேட்டால், அறிஞர்களிடையே பல கருத்துகள் உண்டு. நம் வீடுகளிலும் இப்படித்தான். தாத்தாவின் தாத்தாவுக்குத் திதி மார்கழி தேய்பிறைத் துவாதசி என்று அறிவோம், ஆண்டுதான் தெரியாது. ஆண்டுதோறும் செய்யும் சடங்கு, நாளைக் காப்பாற்றுகிறது. ஆண்டைக் காப்பாற்றும் பொறுப்பை ஏட்டுக்கு விட்டுவிடுகிறது.

பழைய ஏடுகளில் ஆண்டு நான்கு வகையாக வரலாம். தமிழ் வருஷப் பெயர், சக ஆண்டு, பசலி, கொல்லம் ஆண்டு என்பன அவை. திருநெல்வேலிச் சீமைக்கு உட்பட்டிருந்ததால், இப்பகுதிப் பழைய ஆவணங்களில் கொல்லம் ஆண்டைக் காணலாம். சக ஆண்டோடு 78-ஐயும், பசலியோடு 590-ஐயும், கொல்லம் ஆண்டோடு 824-ஐயும் கூட்டினால், அந்த ஆண்டு தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும். தை முதல் தொடரும் மாதங்களுக்கு மேலும் ஒன்று கூட்ட வேண்டிவரும் என்பதை மறக்கக் கூடாது.

தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் எச்சரிக்கை தேவை. அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும். ஓர் உதாரணம் காண்போம். பழைய நோட்டில் ‘ஆங்கிரச வருஷம், மார்கழி’ என்று இறந்த காலம் குறித்திருப்பதாகக் கொள்வோம். அது 1872-இல் தொடங்கிய ஆங்கிரசவாகவும் இருக்கலாம். 1932-இல் தொடங்கியதாகவும் இருக்கலாம். பக்கத்திலேயே ‘கொல்லம் 1108’ என்றும் இருந்தால், 824-ஐக் கூட்டி 1932 என்று உறுதி செய்யலாம். அது இல்லையெனில், அவர் கையெழுத்திட்ட பத்திரம் ஏதேனும் 1872-க்குப் பிந்தியதாகக் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிடைத்தால் ஐயம் தீர்ந்தது.

கடல் கடந்தும் அதே கேள்வி

காசி, கயை, ஹரித்வாரம், ராமேஸ்வரம் போன்ற தீர்த்தத் தலங்களுக்கு யாத்திரை சென்றவர்களின் வழித்தோன்றல்கள், அங்கும் முன்னோரின் சுவடு கிடைக்கிறதா என்று பார்க்கலாம். ஹரித்வாரத்துத் தீர்த்த புரோகிதர்கள், தங்களிடம் வந்த யாத்ரீகர்களின் வம்ச விவரத்தை ‘பஹி’ எனப்படும் நீண்ட ஏடுகளில் தலைமுறை தலைமுறையாக எழுதி வந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் யூட்டாவைச் சேர்ந்த வம்ச ஆய்வுச் சங்கம் அந்த ஏடுகள் பலவற்றை நுண்படம் எடுத்துப் பாதுகாத்திருக்கிறது. அங்கே சென்றதும் புரோகிதர் கேட்கும் முதல் கேள்வி, ‘உங்கள் பூர்வீக ஊர் எது?’ என்பதுதான். இன்று நாம் வாழும் ஊரைச் சொன்னால் பயனில்லை.

பிழைப்புக்காகக் கடல் கடந்து சென்ற நம்மவர்களின் வழித்தோன்றல்கள் நிலையும் இதுவே. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதைத் தொடர்ந்து பல கப்பல்கள் சென்றன. ஏறியவர்களின் பெயர், தந்தையின் பெயர், கிராமம், தாலுகா, மாவட்டம் ஆகியவற்றை எழுதிய பட்டியல்கள் இன்றும் உள்ளன. மொரீஷியஸில் மோக்கா என்னும் ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் அங்கு குடியேறியவர்களின் ஆவணங்கள் புகைப்படங்களுடன் காக்கப்படுகின்றன. ஐந்து தலைமுறைக்குப் பின், தமிழ் பேசத் தெரியாத பேரப்பிள்ளைகள் அந்த மூன்று குறிப்புகளைக் கையில் ஏந்தி நம் கிராமங்களைத் தேடி வருகிறார்கள். கடல் கடந்தவர்களின் பிள்ளைகள் இவ்வளவு பாடுபடும்போது, ஊரிலேயே இருக்கும் நாம் பரணில் உள்ள பெட்டியைத் திறக்கச் சோம்பலாமா?

எழுதத் தயங்கும் செய்திகள்

தேடத் தொடங்கினால், பெருமைப்படத்தக்க செய்திகள் மட்டும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கடனுக்காக விற்ற நிலம் தெரியவரும். சகோதரர் இருவர் ஆண்டுக்கணக்கில் நடத்திய வழக்கு தெரியவரும். இரண்டாம் திருமணம் தெரியவரும். தாத்தா அந்த வீட்டில் பிறந்தவர் அல்லர், தத்துப் பிள்ளையாக வந்தவர் என்று ஒரு பழைய பத்திரம் சொல்லும். பெரியவர்கள் பலர் அந்த இடத்தில் பேனாவை நிறுத்திவிடுகிறார்கள். ‘இது வெளியே தெரிய வேண்டுமா? பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்?’ என்று தயங்குகிறார்கள்.

அத்தகையோர் மீண்டும் ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வர வேண்டும். கோதை எந்தத் தாயின் வயிற்றிலும் பிறந்தவள் அல்லள். நந்தவனத்தில் துளசிச் செடியின் அடியில் விஷ்ணுசித்தர் கண்டெடுத்த குழந்தை அவள். அதை எவரும் மறைக்கவில்லை. அந்த நந்தவனத்தையே புனிதத் தலமாக வணங்குகிறோம். எடுத்து வளர்த்தவரையே அவள் தந்தை என்று பாசுரத்தில் பதித்தாள். அவர் வம்சத்தாரும் இன்றளவும் அவளைத் தங்கள் வீட்டு மகள் என்றே பச்சை பரத்தி வரவேற்கிறார்கள். தத்து வந்த தாத்தாவைப் பற்றி எழுத நாம் ஏன் கூச வேண்டும்? பெற்றவர் பெயர், வளர்த்தவர் பெயர் இரண்டையும் எழுதி வைப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.

இன்னொன்றும் அவள் கற்பிக்கிறாள். நம் வம்சாவளிப் பட்டியல்கள் பெரும்பாலும் ஆண்களின் பெயர்களால் ஆனவை. மகள் என்றால் ‘இன்ன ஊரில் கொடுத்தோம்’ என்பதோடு கிளை முடிந்துவிடும். பெரியாழ்வார் வம்சத்தின் பெருமையோ மகளால் உலகெங்கும் விளங்குகிறது. ஆகையால் நீங்கள் எழுதும் பட்டியலில் அத்தை, பெரியம்மா, சித்தி, பாட்டியின் பிறந்தகம், பிள்ளையின்றி மறைந்த சகோதரி ஆகிய எல்லோருக்கும் இடம் கொடுங்கள்.

கேட்ட கதையை எழுதும்போது உண்மை வழுவாமல் எழுத வேண்டும். ‘நம் முன்னோர் அரசரிடம் மந்திரியாக இருந்தார்’ என்று பாட்டி சொன்னால், ‘என்று பாட்டி சொல்வார்’ எனச் சேர்த்து எழுதுங்கள். பத்திரத்தில் கண்டதை, இன்ன பத்திரத்தில் கண்டது என்று எழுதுங்கள். பின்னால் தேடும் பிள்ளைக்கு எது ஆவணம், எது செவிவழிச் செய்தி என்று தெரியும்.

ஆடியில் தொடங்குவோம்

ஆடி மாதத்தில் பித்ருக்களுக்கு உரிய அமாவாசையும் வருகிறது. கோதை அவதரித்த பூரமும் வருகிறது. முன்னோரையும் மகளையும் ஒரே மாதத்தில் நினைக்கும் பேறு நமக்கு வாய்த்திருக்கிறது. கனமான அட்டை போட்ட நோட்டு ஒன்றை வாங்கி, பூஜை அறையில் வைத்து வணங்கி, அந்த மாதத்தில் எழுதத் தொடங்குங்கள். கண் மங்கியவர்கள், கை நடுங்குபவர்கள் சொல்லச் சொல்லப் பேரனோ பேத்தியோ எழுதட்டும். பழைய புகைப்படங்களின் பின்புறம் பென்சிலால் பெயரை எழுதச் சொல்லுங்கள். படத்தில் இருப்பவர் இன்னார் என்று அறிந்தவர் அந்த வீட்டில் நீங்கள் ஒருவராகவே இருக்கலாம்.

முதல் பக்கத்தில் உங்களைப் பற்றியே எழுதுங்கள். உங்கள் பெயர், தந்தை தாயின் பெயர், பிறந்த ஊர். பிறகு அவர்களுடைய தந்தை தாயர். தெரியாத இடத்தைக் காலியாகவே விட்டுவையுங்கள். பேரப்பிள்ளை ஒருநாள் எழும்பூரில் ஒரு பழைய ஏட்டைப் புரட்டும்போது அந்த இடம் நிரம்பக்கூடும்.

அடுத்த மார்கழியில் பச்சை பரத்தலைச் சேவிக்கச் செல்லும்போது, அந்த நோட்டில் எழுதிய பெயர்களை மனத்தில் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பிரார்த்தியுங்கள். பிறந்தகத்தை மறவாத அந்த மகள், நம் முன்னோரை நாம் மறவாதிருக்கவும் அருள்புரிவாள்.